முன்னூற்றுப் பதினேழு

கல்லுமலைத் தோட்டத்து மேல்பிரிவில் மீனம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல் முளைக்காத பிள்ளையிலிருந்து பல் விழுந்த கிழவர் வரை எல்லாருக்கும் அவள் ஆயாதான். இருபத்தெட்டு வயது ஆயா என்று கூப்பிடுகிற வயதா? ஆனால் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறவள் ஆயா. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விடிந்ததும் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் அந்த நீளமான தகரக்கூரை அறையில் அவள் ஒருத்தியாக நின்று பன்னிரண்டு தொட்டில்களை ஆட்டினாள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்குத் திறமைச் சித்தி எடுத்தவள், பால் போத்தல் கழுவிக்கொண்டிருந்தாள். இதைப் பற்றி யாராவது அனுதாபம் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், சொல்லாமல் போனால் அதைவிடக் கோபம் வரும்.

தொட்டிலுக்கு மேலே சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு நம்பர் எழுதியிருக்கும். அது தாயின் செக்ரோல் நம்பர். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த ஒவ்வோர் ஆளுக்கும் அப்படி ஒன்று உண்டு. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை கூப்பிடுவதும் அந்த நம்பரைத்தான், காய்ச்சல் மருந்துக்குப் போய் நின்றால் கேட்பதும் அதைத்தான். காம்பராவில் பிள்ளை அழுதால், மாரியாயியின் பிள்ளை அழுகிறது என்று யாரும் சொல்வதில்லை; "இருநூத்தி நாலு அழுவுது ஆயா" என்பார்கள். மேல்பிரிவுப் பிள்ளைகள் அப்பா பெயரைச் சொல்லத் தெரியுமுன்பே அம்மா நம்பரைச் சொல்லிவிடுவார்கள். மலையில் வழி தவறினாலும் நம்பரைச் சொன்னால் யாராவது லயத்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள் என்று தாய்மாரே அதைச் சொல்லிக் கொடுத்து வைப்பார்கள்.

மாலை நாலரைக்குத் தாய்மார் வந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனதும், தொட்டில்களை ஓரமாகச் சுருட்டிக் கட்டிவிட்டு, அதே தரையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். நாலு வருடமாக இது நடந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கப் பத்து வயதுப் பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிவிட்டால் ஹட்டனில் பெரிய பள்ளிக்கூடம், விடுதி, மாதாமாதம் உதவிப்பணம். தாண்டாவிட்டால் என்ன என்பதற்கு மேல்பிரிவில் பல பதில்கள் இருந்தன, ஒன்றும் நல்ல பதில் இல்லை.

அந்தப் பதில்களில் ஒன்றுக்கு மூக்கன் என்று பெயர். நோர்வூட் பக்கத்து ஆள். வெள்ளைச் சாரம், கக்கத்தில் குடை, வாயில் எப்போதும் வெற்றிலை. கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் பிள்ளை பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். சத்தம் போடமாட்டான், யாரையும் வற்புறுத்தமாட்டான். லயத்து வாசலில் குந்தியிருந்து பிஸ்கட் கொடுத்து, "நல்ல வீடு. சாப்பாட்டுக்குக் கொறைவில்லை. வீட்டு நோனா தங்கமானவங்க" என்பான். கீழ்ப்பிரிவிலிருந்து அவன் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. முழங்கைக்கு மேலே இரண்டு கையிலும் தழும்பு. என்ன நடந்தது என்று கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். இன்னொன்று திரும்பியே வரவில்லை, கடிதமும் இல்லை. அதன் தகப்பனிடம் மூக்கன், "வீடு மாறிட்டாங்க போல" என்றானாம்.

மூக்கன் வருடா வருடம் தவறாமல் பரீட்சை முடிவு வருகிற கிழமையில்தான் மேல்பிரிவுக்கு ஏறுவான். மீனம்மாவைக் கண்டால் மரியாதையாகக் குடையை மடக்கி, "ரிசல்ட்டு எப்ப ஆயா வரும்?" என்று கேட்பான். பெற்றவர்கள்கூட அப்படி நாள் எண்ணிக் காத்திருக்கமாட்டார்கள். ஒருமுறை சிரித்துக்கொண்டே, "பாஸானதெல்லாம் ஒங்களுக்கு, பெயிலானதெல்லாம் எனக்கு" என்றான். 

அதனால்தான் அவள் அப்படி வெறியாகப் படிப்பித்தாள். பழைய வினாத்தாள்களைப் பெரிய சாரிடம் வாங்கி, கையால் பிரதி எடுத்து, பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுப்பாள். பெரிய சார் என்பது பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பேரின்பநாயகம். யாழ்ப்பாணத்து மனிதர், குளிருக்கு இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு பதினோரு வருடமாக அங்கேயே இருந்தவர். வினாத்தாளில் கிணற்றுத் துலா வரும், கடற்கரை நண்டு வரும், பனங்கிழங்கு வரும். குழாயடியைத் தவிர வேறு கிணறு கண்டிராத பிள்ளைகளுக்கு அவள் துலாவைக் கரியால் தரையில் வரைந்து காட்டுவாள். அவளும் அதைப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

பெரிய சார் ஒருநாள் பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னார். கெட்டிக்காரப் பிள்ளைகள்கூடப் பதற்றத்தில் பரீட்சைக்கென்று தரும் சுட்டெண்ணை விடைத்தாளில் எழுத மறந்துவிடுகிறார்கள். சுட்டெண் இல்லாத தாள் யாருடையது என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. ஒரு வருடப் படிப்பும் வீண். மீனம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் அவள் வகுப்பில் ஒரே சட்டம்: முதலில் நம்பர், அப்புறம்தான் கேள்வி. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே கட்டம் கீறி நம்பர் போட வேண்டும். போடாமல் கேள்வியைத் தொட்டால் உள்ளங்கையில் அடிமட்டத்தால் அடி விழும்.

ஆனால் பழகுவதற்குச் சுட்டெண்ணுக்கு எங்கே போவது? அது பரீட்சைக்குக் கொஞ்சம் முன்புதான் வரும். அதுவரைக்கும் என்ன எழுத? "அவங்கவங்க அம்மா நம்பரப் போடுங்க" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்குப் புதிதாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, திருத்தும்போது யார் தாள் என்று அவளுக்கும் சட்டென்று தெரியும். காம்பராவில் எல்லாமே அந்த நம்பரில்தானே நடக்கிறது. இந்த யோசனை தனக்கு வந்ததில் அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு. இப்படியொரு பிழையைத் தோட்டத்துக்காரியைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது என்று நான் நினைப்பதுண்டு.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் ஐந்து பிள்ளைகள் எழுதினார்கள். அதில் நிலக்ஷி ஒரு தனி ரகம். கொழுந்தெடுக்கும் வீரம்மாவுக்கும் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அழகனுக்கும் ஒரே மகள். ஒல்லிப்பிச்சான், எந்நேரமும் மூக்கு ஒழுகும். ஒரு தடவை சொன்னதை மறக்காது, சொன்னபடிதான் செய்யும், ஒரு இம்மி மாற்றாது. மீனம்மாவுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. அதற்கு வேறு காரணமும் உண்டு. மேல்பிரிவில் அவளை முதன்முதலாக "டீச்சர்" என்று கூப்பிட்டது அந்தப் பிள்ளைதான். "ஆயான்னா தூங்க வைக்கிறவங்க. நீங்க தூங்க விடமாட்டேங்கிறீங்களே" என்று காரணமும் சொன்னது.

நிலக்ஷி பாஸாகிவிடும் என்று மேல்பிரிவே நம்பியது, மூக்கனைத் தவிர. அவன் அழகனிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தான். அழகன் கெட்டவனல்ல. ஆனால் வருகிறவன் பேச்சையெல்லாம் கேட்டுத் தலையாட்டுகிற சுபாவம். "சோதன முடியட்டும். பாஸானா படிக்கட்டும், இல்லாட்டி ஒங்களோட அனுப்புறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். வீரம்மா இதைக் கேட்டு மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை. பிறகு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

பரீட்சையன்று விடியுமுன்பே மழை. ஐந்து பிள்ளைகளையும் மீனம்மாதான் பஸ் ஏற்றி டவுனுக்குக் கூட்டிப்போனாள். மண்டபம் எந்தப் பள்ளிக்கூடம் என்பது வேண்டாம். சுட்டெண் எழுதிய காகிதத் துண்டைப் பிள்ளைகளின் சட்டையில் ஊசியால் குத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் விபூதி வைத்து, "முதல்ல நம்பரு. அப்புறம்தான் கேள்வி" என்று கடைசியாக ஒருமுறை சொன்னாள். முதல் வினாப்பத்திரம் முடிந்து இடைவேளையில் பிள்ளைகள் மழைக்குள்ளேயே கக்கூசுக்கு ஓடிவிட்டு வந்ததை அவள் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தாள். உள்ளே போக விடமாட்டார்கள். இரண்டாம் பத்திரத்துக்கு மணி அடித்தது.

மத்தியானம் தோட்டத்துச் சந்தியில் இறங்கி மேலே நடந்தார்கள். மழை விட்டிருந்தது, மூடுபனி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நாலு பிள்ளைகள் முன்னால் ஓட, நிலக்ஷி மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லிக்கொண்டு வந்தது. எல்லாமே சரியான விடை. மீனம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"ரெண்டாவது பேப்பருல ஒரு பக்கங்கூட விடாம நம்பரு போட்டேன் டீச்சர். துண்டு நனைஞ்சு மை ஓடிருச்சு, ஒண்ணும் வெளங்கல. அந்த நீள நம்பரு மனசுல நிக்கல. அதனால நம்ம நம்பரையே போட்டேன்."

"நம்ம நம்பருன்னா?"

"அம்மா நம்பரு. முன்னூத்திப் பதினேழு."

மீனம்மா நின்றுவிட்டாள். மேற்பார்வைக்கு நின்றவர்களிடம் கேட்கவில்லையா என்றாள். ஒரு நோனா வந்து பார்த்தார்களாம். கட்டத்தில் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்களாம். நம்பர் போடாமல் கேள்வியைத் தொடக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று பிள்ளை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நல்லது. அவள் முகத்தைப் பார்த்து, தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து, கையை விட்டுவிட்டது.

அவள் அப்படியே திரும்பி டவுனுக்கு ஓடியிருக்கலாம், இல்லாவிட்டால் பெரிய சார் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். என்ன செய்தாள் தெரியுமா? குனிந்து, பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு, "இத யாருகிட்டயும் சொல்லாத. நான் பெரிய சாருகிட்ட பேசிச் சரி பண்ணிடுறேன்" என்றாள்.

"அம்மாகிட்டயுமா?"

"அம்மாகிட்டயுந்தான்."

நிலக்ஷி தலையை ஆட்டியது. அது தலையாட்டினால் ஆட்டியதுதான்.

மறுநாள் திங்கட்கிழமை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் மீனம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெரிய சார் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளில் படித்தவர்களை ஆசிரியராக எடுக்கப் போகிறார்கள், கார்த்திகையில் நேர்முகப் பரீட்சை என்று அவர்தான் முன்பே சொல்லியிருந்தார். அன்று அவர் எழுதிக்கொண்டிருந்தது அவளுக்கான நற்சான்றுக் கடிதம். நாலு வருடமாகப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை மிகக் கவனமாகத் தயார்ப்படுத்தி வருகிறார் என்ற வரியை அவளுக்கு வாசித்தும் காட்டினார். பிறந்த திகதியைக் கேட்டார். மீனம்மா பிறந்த திகதியைச் சொன்னாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை சொல்லலாம் என்று வைத்தாள். அடுத்த கிழமை அவர் லீவில் யாழ்ப்பாணம் போய்விட்டார். போரில் மூடிக் கிடந்த பாதை அந்த வருடம்தான் திறந்திருந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு தாய் வீட்டுக்குப் போகிற மனிதர் மூன்று கிழமை கழித்துத்தான் வந்தார். வந்தவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பனங்கட்டி கொண்டுவந்து அவளுக்கும் கொடுத்தார். வாயில் பனங்கட்டியோடு எப்படிச் சொல்வது? ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நாள் ஆக ஆக, நடந்ததைச் சொல்வதைவிட, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்வதுதான் பெரிய பாடாகிவிட்டது. பிறகு கணக்குக்காரி கணக்குப் போட ஆரம்பித்தாள். ஒரு சுட்டெண்ணுக்குத் தாள் குறையும், சொந்தக்காரர் இல்லாத தாள் ஒன்று கூடும், திருத்துகிறவர்கள் முட்டாள்களா, கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஆனால் தூக்கம் போயிற்று. தொட்டிலுக்கு மேலே முன்னூற்றுப் பதினேழு என்று எந்தக் குழந்தைக்கும் எழுதியிருக்கவில்லை, வீரம்மாவுக்குத்தான் வேறு பிள்ளை இல்லையே. இருந்தாலும் யாராவது சுவர்ப்பக்கம் பார்த்தால் அவள் இடையில் போய் நின்றுகொண்டாள். வீரம்மா மாலையில் மலையிலிருந்து இறங்கிப் போகும்போது வாசலில் நின்று, "எம்மவ ஹட்டனுக்குப் போனா துணிமணி என்னென்ன வேணும் ஆயா?" என்று கேட்பாள். மீனம்மா வெள்ளைச் சட்டை எத்தனை, போர்வை எத்தனை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்பது இதுதான்.

ஐப்பசிக் கடைசியில் மூக்கன் மலை ஏறி வந்தான். அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாளில் முடிவு வந்தது.

ஐவரில் விஜிதரன் என்ற பையன் மட்டும் பாஸ். நடுத்தரமாகப் படிக்கிற பையன், யாரும் எதிர்பார்க்கவில்லை. நிலக்ஷிக்கு முதல் பத்திரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருமே எடுக்காத புள்ளி. இரண்டாம் பத்திரத்துக்கு நேரே புள்ளி இல்லை. வரவில்லை என்று போட்டிருந்தது.

வரவில்லை என்றால் எங்கே போனாள்? மேல்பிரிவு முழுவதும் அதே கேள்வி. இடைவேளையில் பிள்ளை கடைத்தெரு பார்க்க ஓடிவிட்டது என்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கதை. மூன்று மணிக்கு அது யாரோடோ ஓட்டலில் உட்கார்ந்திருந்ததைக் கண்டவர்களே இருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி இப்படிப் பேச எப்படித்தான் நாக்கு வந்ததோ. அழகன் வேலைத் தலத்திலிருந்து நேரே வந்து மகளை அடித்தான். "எழுதினேன்" என்று ஒரு சொல்தான் அது சொன்னது. "எழுதினா பேப்பரு எங்கடி?" என்று கேட்டாலும், அடிக்க அடிக்க அந்த ஒரு சொல்தான்.

மீனம்மா அப்போதுதான் பெரிய சாரிடம் ஓடினாள். எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா நம்பரை எழுதிப் பழக்கியது, துண்டு நனைந்தது, பிள்ளை அன்றே சொன்னது, தான் மூடி மறைத்தது எல்லாம். பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை? அந்தக் கிழமையே சொல்லியிருந்தா நான் கொழும்புக்கே போய் அந்தத் தாளைத் தேடுவிச்சிருப்பன். இப்ப எல்லாம் திருத்தி, மூட்டை கட்டியாச்சு. எழுதிப் போடுறன். பதில் வர மாசக்கணக்காகும். வந்தாலும் என்ன வருமோ தெரியாது."

அவளுடைய நற்சான்றைத் திருப்பிக் கேட்கப் போகிறாரோ என்று அவளுக்கு அந்த நேரத்திலும் ஓர் எண்ணம் ஓடியது. அதற்காக அவள் பிற்பாடு தன்னை எத்தனையோ தடவை சபித்திருக்கிறாள். ஆனால் ஓடியது உண்மை. அவர் கேட்கவில்லை. தான் யாரிடமும் இதைச் சொல்லப்போவதில்லை என்றும், அந்த வீட்டில் போய் அவளே சொல்ல வேண்டும் என்றும், இன்றைக்கே போக வேண்டும் என்றும் மட்டும் சொன்னார்.

போனாள். லயத்து வாசலில் மூக்கன் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே அழகன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான், வீரம்மா அடுப்படியில். நிலக்ஷி மூலையில் சாக்கின்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தது. கன்னம் வீங்கியிருந்தது.

மீனம்மா நின்றபடியே சொன்னாள். பிள்ளை எங்கேயும் போகவில்லை, இரண்டாம் பத்திரத்தை முழுக்க எழுதியிருக்கிறாள், துண்டு நனைந்து நம்பர் தெரியாமல் போனதால் அம்மாவின் செக்ரோல் நம்பரைப் போட்டுவிட்டாள், அதனால்தான் தாள் வந்து சேரவில்லை என்றாள். இவ்வளவும் உண்மை. இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது.

அதற்குள் வீரம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "எந்நம்பரையா எழுதினா?" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். "பேச்சு வாரப்பவே அத நாந்தானே சொல்லிக் குடுத்தேன். தொலைஞ்சு போனா சொல்லுடின்னு நாந்தானே சொல்லிச் சொல்லிக் குடுத்தேன். எம்புள்ளயப் படிக்க விடாமப் பண்ணினது நாந்தானா?"

அழகன் மனைவியைப் பார்க்கவில்லை. "ஒரு நம்பரு ஒழுங்கா எழுதத் தெரியாத கழுதைக்குப் படிப்பு என்னத்துக்கு?" என்றான். வாசலில் மூக்கன் வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது.

அந்த இடம்தான். பிள்ளைக்கு எழுதத் தெரியாமல் இல்லை, எட்டு மாதமாக அடிமட்டத்தை வைத்துக்கொண்டு நான்தான் அப்படி எழுதவைத்தேன் என்று மீனம்மா அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அழகன் அவளை ஏசியிருப்பான், அடிக்கக்கூட வந்திருப்பான். நாளைக்கே தோட்டம் முழுக்கப் பரவியிருக்கும். நேர்முகப் பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. ஆனால் குற்றம் பிள்ளையுடையது இல்லை என்று ஆகியிருக்கும். அழகன் சொல் கேட்கிற மனிதன். பெரிய சாரும் வந்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால் தை மாதம் வரைக்குமாவது பொறுத்திருப்பான்.

மூலையிலிருந்து நிலக்ஷி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எல்லாம் தெரியும். அதுவும் வாயைத் திறக்கவில்லை.

"பெரிய சாரு எழுதிப் போடுறேன்னு சொன்னாரு. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே" என்று மட்டும் மீனம்மா சொன்னாள்.  குடுத்த வாக்கு குடுத்ததுதான் என்றான் அழகன். வெளியே மூக்கன் மெதுவாக எழுந்து, திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனான். வீரம்மா அழுதுகொண்டே, வீடு தேடி வந்த ஆயாவுக்கு வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மீனம்மா அதை வாங்கிக் குடித்தாள்.

தன் வினை தன்னைச் சுடும் என்று சொல்லிவைத்தவர்கள் இந்த வினையைப் பார்க்கவில்லை. இது செய்தவளைச் சுடவில்லை. கார்த்திகையில் நேர்முகப் பரீட்சை நல்லபடியாக நடந்தது. தையில் அவளுக்கு நியமனக் கடிதம் வந்தது. கொட்டகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். இன்றைக்கு அவள் உண்மையிலேயே டீச்சர்தான், பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் அவள் கையால் பாஸாகிப் போயிருக்கிறார்கள். பெரிய சார் எழுதிப் போட்டதற்குப் பதில் சித்திரையில் வந்தது. தாள் கிடைத்ததாகவும், மீள்பரிசீலனைக்குப் பிள்ளையின் கையெழுத்து மாதிரியோடு பிள்ளையையும் நேரில் அழைத்து வரும்படியும் அதில் இருந்தது. பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று மூக்கனிடம் கேட்கப் போனார்கள். அந்த வீட்டுக்காரர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள் என்றான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை விடிகாலை மீனம்மா சந்திக்குப் போயிருந்தாள். போகாமல் இருக்க முடியவில்லை. பனி இன்னும் கலையவில்லை, முதல் பஸ் விளக்கைப் போட்டபடி உறுமிக்கொண்டு நின்றது. வீரம்மா வரவில்லை, வந்தால் விடமாட்டாள் என்று அழகன் வீட்டிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தான். நிலக்ஷிக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. கையில் ஒரு துணிப்பை. மூக்கன் அதன் தோளில் கை வைத்திருந்தான்.

மீனம்மாவைக் கண்டதும் அது மூக்கன் கையை விலக்கிவிட்டு ஓடி வந்தது. அழப்போகிறது, எல்லாவற்றையும் கேட்கப்போகிறது என்று மீனம்மா பயந்தாள்.  பிள்ளை அவள் சேலையை இழுத்துக் குனியச் சொன்னது. அதன் முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது, வகுப்பில் முதலாவதாக விடை சொல்லிவிட்ட நாட்களில் இருக்குமே, அந்தப் பெருமை இருந்தது.

காதுக்குள் சொன்னது: "டீச்சர், நான் யாருகிட்டயும் சொல்லல."